கப்பல் ஏறப்போறீங்களா? கையில என்னென்ன பேப்பர் இருக்கணும் – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கப்பல் டூர் பத்தி எழுதினப்ப கேபின், சாப்பாடு, செலவுனு எல்லாத்தையும் விலாவாரியா சொல்லிட்டு, என்ன டாக்குமென்ட் கொண்டு போகணும்ங்கிறதை மட்டும் நாலு வரியில முடிச்சுட்டேன். வந்த கடிதம் அத்தனையும் அந்த நாலு வரியைப் பத்திதான். பதினெட்டு வருஷம் டிராவல்ஸ் ஆபீஸ்ல டிக்கெட் போட்டவ நான், பணம் முழுசா கட்டி, பெட்டி கட்டி, துறைமுக வாசல் வரைக்கும் வந்துட்டு ஒரு பேப்பர் இல்லாம திரும்பிப் போன குடும்பங்களைக் கண்ணால பார்த்திருக்கேன். அதனால இந்த வாட்டி முழுப் பக்கமும் இதுக்கே.

அக்கா, சென்னையில ஏறி ரெண்டு நாள் கடல்ல சுத்திட்டு மறுபடி சென்னைக்கே வர்ற டூர் புக் பண்ணியிருக்கோம். மொத்தம் ஆறு பேர், என் பொண்ணுக்கு மூணு வயசு, மாமனார்கிட்ட பான் கார்டு மட்டும்தான் இருக்கு. ஆதார் போதுமா, பாஸ்போர்ட் வேணுமா?
– ஒரு வாசகி, மதுரை

வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாத டூர்னா பாஸ்போர்ட் கட்டாயம் இல்லம்மா. ஆதார், வாக்காளர் அட்டை, டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட் இந்த நாலுல ஒண்ணு, ஒரிஜினலா, ஆளுக்கு ஒண்ணு கையில இருக்கணும். மாமனாரோட பான் கார்டை நம்பி வராதீங்க, அதுல அட்ரஸ் கிடையாது, ஹோட்டல்லயே அதை வாங்க மாட்டாங்க, இங்கயும் அதே கதைதான். அவருக்கு வாக்காளர் அட்டை இல்லாமயா இருக்கும், பீரோவைத் தேடிப் பாருங்க, இத்தனை எலெக்‌ஷன்ல ஓட்டுப் போட்டவர்தானே.

குழந்தைக்கு நீலக் கலர் பால ஆதார் எடுத்திருந்தா அது, கூடவே பர்த் சர்டிபிகேட் ஒரிஜினல். பர்த் சர்டிபிகேட்ல குழந்தை பேர் ஏறியிருக்கானு இன்னிக்கே எடுத்துப் பாருங்க, நிறைய பேர் ஆஸ்பத்திரியில பதிஞ்சதோட விட்டுடுறாங்க, பேர் இருக்க வேண்டிய இடம் காலியாவே கிடக்கும், அந்த சர்டிபிகேட்டை வெச்சு இது யாரோட குழந்தைனு யாருக்கும் நிரூபிக்க முடியாது. மாநகராட்சியிலயோ பஞ்சாயத்துலயோ பேரைச் சேர்த்து புதுசா வாங்கிடுங்க.

இதைவிட முக்கியமா ஒண்ணு சொல்லணும். துறைமுகத்துல இறங்கினதும் போர்ட்டர் வந்து பெட்டியில டேக் கட்டி வாங்கிட்டுப் போயிடுவாரு, அந்தப் பெட்டி நேரா ஸ்கேனிங் போய் சாயங்காலம் உங்க கேபின் வாசல்லதான் வந்து நிக்கும். ஒரு தடவை நான் அனுப்பின ஒரு குடும்பம், அந்த அம்மா ரொம்ப பத்திரமா எல்லாரோட ஆதாரையும் ஒரு மஞ்சப்பையில சுத்தி, புடவைக்கு நடுவுல வெச்சு, பெட்டியைப் பூட்டி போர்ட்டர்கிட்ட குடுத்துட்டாங்க. கவுண்டர்ல ஐடி கேக்குறாங்க, பெட்டி உள்ள போயிடுச்சு, ஒரே மாதிரி நீலப் பெட்டி நூத்துக்கணக்குல அடுக்கியிருக்கு. அந்த அம்மா அந்த வரிசையில நின்னு புடவைத் தலைப்பை முறுக்கிக்கிட்டே அழுதது இன்னும் என் கண்ணுல இருக்கு. பெட்டி கடைசியில கிடைச்சிடுச்சு, ஏறிட்டாங்க, ஆனா அந்த ரெண்டு மணி நேரம் அவங்க பட்ட பாடு வேற யாருக்கும் வரக்கூடாது. டாக்குமென்ட், மாத்திரை, மாத்துத் துணி ஒரு செட், இதெல்லாம் தோள்பையில, உங்க உடம்போடவே இருக்கணும்.

லட்சத்தீவு போற ரூட்னா உள்ள நுழைய அனுமதிச் சீட்டு தனியா வேணும். பொதுவா கப்பல் கம்பெனியே எடுத்துத் தரும், அவங்க கேக்குற பேப்பரை கேக்குற தேதிக்குள்ள அனுப்பிடுங்க.

பாஸ்போர்ட்ல எனக்கு ஒரே ஒரு பேர்தான், சர்நேம் கட்டம் காலி. ஆதார்ல இனிஷியலோட இருக்கு. கப்பல் வெப்சைட்ல சர்நேம் போடாம அடுத்த பக்கம் போகவே மாட்டேங்குது. அப்பா பேரைப் போட்டுடலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

சார், நம்ம ஊர்க்காரங்க மாட்டிக்கிறதுல முக்கால்வாசி இந்த இடத்துலதான். நமக்குக் குடும்பப் பேர்ங்கிற வழக்கம் கிடையாது, அப்பா பேரோட முதல் எழுத்து முன்னாடி வரும், அவ்ளோதான், அதுல தப்பும் இல்ல. ஆனா பாஸ்போர்ட் ஆபீஸ்ல இனிஷியலை ஏத்துக்க மாட்டாங்க, விரிச்சு எழுதச் சொல்லுவாங்க, அப்போ ஒரு பையன் அப்பா பேரை சர்நேம்ல போடுவான், அவன் அண்ணன் முழுப் பேரையும் கிவன் நேம்ங்கிற சொந்தப் பேர் கட்டத்துலயே போடுவான், அவங்க அக்கா தன்னோட புருஷன் பேரைப் போடுவாங்க, ஒரே வீட்ல ஆளுக்கு ஒரு விதம்.

கப்பல் கம்பெனி பாக்குறது உங்க வழக்கத்தை இல்ல சார், பாஸ்போர்ட் போட்டோ பக்கத்துல அடியில ரெண்டு வரி நெருக்கமா இங்கிலீஷ் எழுத்தும் அம்புக்குறியுமா ஓடும் பாருங்க, அதைத்தான் மெஷின் படிக்கும். அந்த வரியில என்ன பேர் எந்த வரிசையில இருக்கோ அதுதான் வெளி உலகத்துக்கு உங்க பேர். ஆதார், பேங்க் பாஸ்புக், பென்ஷன் புக் எதுல எப்படி இருந்தாலும் வெளிநாட்டு டூருக்குக் கணக்குல வராது. அதனால அப்பா பேரை நீங்களா எடுத்துப் போட்டுடாதீங்க, பாஸ்போர்ட்ல இல்லாத ஒரு பேர் டிக்கெட்ல வந்து உக்காந்துடும். கம்பெனிக்கு மெயில் அனுப்பி, பாஸ்போர்ட் பக்கத்தை இணைச்சு, சர்நேம் கட்டம் காலியா இருக்கு, எப்படி நிரப்பணும்னு எழுத்துல கேளுங்க. சில இடத்துல அதே பேரை ரெண்டு தடவை போடச் சொல்லுவாங்க, சில இடத்துல வேற மாதிரி சொல்லுவாங்க. எப்படிச் சொன்னாலும் அந்தப் பதிலை பிரிண்ட் எடுத்து டிக்கெட்டோட பின் பண்ணி வெச்சுக்கோங்க, போன்ல சொன்னாங்கனு கவுண்டர்ல நின்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க.

நேரம் இருந்தா நான் சொல்றது, பாஸ்போர்ட்டையே மாத்திடுங்க. ரீ-இஷ்யூல சர்நேமைச் சேர்க்கலாம், 36 பக்க புக்குக்கு 1500 ரூபாய்தான், தட்கல்னா மேல 2000. துபாய்ல இருந்து கிளம்புற கப்பல்ல போக நினைக்கிறவங்களுக்கு இது இன்னும் அவசரம். 2022 நவம்பர்ல யுஏஇ, அதாவது துபாய் இருக்கிற ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்ல ஒரே வார்த்தை பேர் இருக்கிறவங்களை விசிட் விசாவுல விட மாட்டோம்னு சொல்லிடுச்சு, அப்புறம் கடைசிப் பக்கத்துல அப்பா பேர் இருந்தா சில பேருக்கு ஓகேனு தளர்த்தினாங்க, ஆனா அந்த மாதிரி தளர்வை நம்பி குடும்பத்தோட கிளம்புறது எனக்கு சரியாப் படல.

கல்யாணமான பொண்ணுங்களுக்கும் இதையே சொல்றேன். பாஸ்போர்ட்ல அப்பா பேர், ஆதார்ல புருஷன் பேர்னு இருந்தா டிக்கெட் பாஸ்போர்ட் பேர்லதான் போடணும், கூட மேரேஜ் சர்டிபிகேட் காப்பி ஒண்ணு. கல்யாணப் பத்திரிகையும் போட்டோவும் ஆதாரம் ஆகாது, தமிழ்நாட்டுல 2009-ல இருந்தே கல்யாணத்தைப் பதியறதுக்கு சட்டம் இருக்கு, பதியலைனா போய்ப் பதிஞ்சுடுங்க.

சிங்கப்பூர்ல தம்பி வீட்டுக்குப் போறோம், அங்கிருந்து மூணு நைட் கப்பல்ல பினாங்கு, புக்கெட் போய்ட்டு மறுபடி சிங்கப்பூர். ஏற்கெனவே சிங்கப்பூர் விசா இருக்கே, அது போதும்தானே?
– கோவை வாசகர்

விசா பேப்பரை எடுத்து, ஒரே தடவை நுழைய விடுற சிங்கிளா, பல தடவை விடுற மல்டிப்பிளானு முதல்ல பாருங்க. மெரினா பே டெர்மினல்ல கப்பல் ஏறும்போது இமிக்ரேஷன்ல நீங்க சிங்கப்பூரை விட்டு வெளியேறினதாதான் கணக்கு. மூணு நாள் கழிச்சு வந்து இறங்கும்போது அது புது நுழைவு. சிங்கிள் என்ட்ரி வெச்சிருந்தா முதல் தடவை சிங்கப்பூருக்குள்ள நுழையும்போதே அது செலவாகிடும், அப்புறம் திரும்பி உள்ள வர்றதுக்கு கையில ஒண்ணும் இருக்காது, அதனால கப்பல்ல ஏத்தவே மாட்டாங்க. "ஒரே ஊருக்குத்தானே திரும்பி வர்றோம்"னு நினைக்கிறதுதான் இங்க வர்ற தப்பு. பிளேன்ல போய்ட்டு வந்தா யோசிக்கிறோம் இல்லையா, கப்பலுக்கும் அதே மாதிரி யோசிக்கணும்.

அடுத்தது, எஸ்ஜி அரைவல் கார்டு, அதாவது சிங்கப்பூருக்குள்ள வர்றவங்க நிரப்ப வேண்டிய படிவம். சிங்கப்பூர் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல போடணும், கப்பல்ல திரும்பி வர்ற நாளுக்கும் தனியா ஒண்ணு போட்டு வெச்சுக்கோங்க. அரசாங்க வெப்சைட்ல இது ஃப்ரீ. கூகுள்ல தேடினா மேலயே வந்து நிக்கிற சில சைட்டு காசு கேக்கும், அதுல கார்டு நம்பரைப் போட்டுடாதீங்க. மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் இந்த மாதிரி டிஜிட்டல் கார்டு வந்துடுச்சு, மலேசியா 2024 ஜனவரியில இருந்து, தாய்லாந்து 2025 மே மாசத்துல இருந்து. மலேசியா நம்ம பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பர்ல இருந்து விசா இல்லாம விடுது. ஆனா இந்தச் சலுகையெல்லாம் வருஷா வருஷம் நீட்டிக்கிறதும் மாத்துறதுமா இருக்கு, போன வருஷம் போன பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை வெச்சு முடிவு பண்ணாம, கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி அந்தந்த நாட்டு சைட்டைத் திறந்து பாருங்க.

பாஸ்போர்ட் ஆறு மாசம் செல்லணும்ங்கிறாங்களே, அதை கிளம்புற நாள்ல இருந்து எண்ணாதீங்க, டூர் முடிஞ்சு வர்ற நாள்ல இருந்து எண்ணுங்க. குழந்தைங்க பாஸ்போர்ட் அஞ்சு வருஷம்தான், நம்மளோடது பத்து வருஷம், அப்பா அம்மா தங்களோட தேதியை மட்டும் பார்த்துட்டு குழந்தையோடதை மறந்துடுறது அடிக்கடி நடக்குது.

அக்கா நான் டல்லாஸ்ல ஹெச்-1பி வேலை விசாவுல இருக்கேன். ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, பையன் இங்கயே பொறந்தவன், எட்டு வயசு. கால்வெஸ்டன்ல இருந்து மெக்சிகோ கப்பல் பாக்குறோம். பையனுக்கு பாஸ்போர்ட் இல்ல, பர்த் சர்டிபிகேட் போதும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. பாஸ்போர்ட்ல இருக்கிற என் விசா ஸ்டாம்ப் வேற முடிஞ்சிருச்சு, ஹெச்-1பி அனுமதி கிடைச்சதுக்கான ஐ-797 நோட்டீஸ் கையில இருக்கு.
– ஒரு வாசகர், டெக்சாஸ்

உங்க வீட்ல மூணு தரப்பும் மூணு வேற வேற சட்டத்துக்குள்ள இருக்கீங்க தம்பி, அதனால ஒண்ணொண்ணா சொல்றேன்.

பையன் விஷயத்துல ஃப்ரெண்ட்ஸ் சொன்னது உண்மைதான். அமெரிக்கத் துறைமுகத்துல கிளம்பி அதே துறைமுகத்துக்குத் திரும்புற கப்பல்னா அமெரிக்கக் குடிமக்கள் பர்த் சர்டிபிகேட்டும் போட்டோ ஐடியும் வெச்சு திரும்பி வரலாம், 16 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு பர்த் சர்டிபிகேட் மட்டுமே போதும். 2009 ஜூன் 1-ல இருந்து இதுதான் நடைமுறை. ஆனா நான் உங்க அக்காவா இருந்தா பையனுக்கு பாஸ்போர்ட் எடுக்காம கப்பல்ல ஏத்த மாட்டேன். மெக்சிகோவுல கோசுமெல் தீவுல இறங்குறீங்க, பையனுக்கு வயித்து வலி, ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் வெக்கணும்ங்கிறாங்க, கப்பல் சாயங்காலம் கிளம்பிடும், உங்களுக்காக நிக்காது. அப்புறம் வீட்டுக்கு வரணும்னா பிளேன்தான், பிளேனுக்கு பர்த் சர்டிபிகேட் செல்லாது. பாஸ்போர்ட் கார்டுனு சின்னதா ஒண்ணு தர்றாங்களே, அதுவும் தரைவழிக்கும் கடல்வழிக்கும்தான், வெளிநாட்டுல இருந்து பிளேன் ஏற செல்லாது. உடம்பு முடியாத குழந்தையை வெச்சுக்கிட்டு தெரியாத ஊர்ல தூதரகத்துக்கு அலையறதை நினைச்சுப் பாருங்க.

உங்க விசா ஸ்டாம்ப் விஷயம் இன்னும் கவனமா பாக்கணும். ஸ்டாம்ப் முடிஞ்சிருந்தாலும், எந்தத் தேதி வரைக்கும் அமெரிக்காவுல தங்கலாம்னு சொல்ற ஐ-94 பதிவு செல்லுபடியா இருந்தா, கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் மட்டும் 30 நாளுக்குள்ள போய்ட்டு வர்றவங்களைத் திரும்ப உள்ள விடுறதுக்கு ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன்னு ஒரு வழி இருக்கு. இங்கதான் நிறைய பேர் தடுக்கி விழறாங்க. கரீபியன் தீவுகளுக்கு அந்த வழி எஃப், ஜே விசாவுல இருக்கிற மாணவர் மாதிரி ஆளுங்களுக்குத்தான், ஹெச்-1பிக்குக் கிடையாது. அதாவது மெக்சிகோ மட்டும் போற கப்பலும், நடுவுல ஜமைக்காவையோ ஹோண்டுராஸ்ல இருக்கிற ரோட்டானையோ தொடுற கப்பலும் விளம்பரத்துல ஒண்ணு மாதிரி தெரியும், ஆனா உங்களுக்கு ரெண்டும் ஒண்ணு இல்ல. அது போக, மெக்சிகோ நம்ம பாஸ்போர்ட்டை விசா இல்லாம விடுறது செல்லுபடியாகுற அமெரிக்க விசாவை வெச்சுத்தான், உங்க ஸ்டாம்ப்பே முடிஞ்சிருச்சே. உங்க கம்பெனி வக்கீலைக் கேக்காம பணம் கட்டாதீங்க. என் அபிப்பிராயம், ஊருக்கு வந்து ஸ்டாம்ப் அடிச்சுட்டு அப்புறம் கப்பல் பாருங்க.

அப்பா அம்மாவோடது பி1/பி2ங்கிற விசிட்டர் விசா, மல்டிப்பிள்னா பாஸ்போர்ட்டும் அந்த விசாவும் ஒரிஜினலா கையில இருக்கணும். கப்பல்ல ஒரு வாரம் போய்ட்டு வந்தா புதுசா ஆறு மாசம் கிடைக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. திரும்பி வந்ததும் ஐ-94-ஐ ஆன்லைன்ல எடுத்து தேதியைப் பாருங்க, அந்தத் தேதிக்குள்ள அவங்க ஊருக்குக் கிளம்பணும்.

இன்னொரு வாசகி சியாட்டில்ல இருந்து அலாஸ்கா கப்பல் பத்திக் கேட்டிருக்காங்க, அதையும் இங்கயே சொல்லிடுறேன். அலாஸ்கா அமெரிக்காதானே, கனடா விசா எதுக்குனு கேக்குறாங்க. 1886-ல போட்ட ஒரு அமெரிக்கச் சட்டம் இருக்கு, வெளிநாட்டுக் கொடி பறக்குற கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ள மட்டும் ஆளுங்களை ஏத்தி இறக்கக் கூடாதுங்கிற சட்டம். பெரிய கப்பல் அநேகமா எல்லாமே பஹாமாஸ், பனாமா மாதிரி வெளிநாட்டுக் கொடிதான், அதனால நடுவுல ஒரு வெளிநாட்டு ஊரைத் தொட்டே ஆகணும், சியாட்டில் கப்பல் கனடாவுல விக்டோரியாவைத் தொடுறது அதுக்குத்தான். ராத்திரி சில மணி நேரம்தான் நிக்கும், நான் இறங்கவே மாட்டேன்னு சொன்னாலும் இந்தியப் பாஸ்போர்ட்னா கனடா விசா கையில வேணும். கிரீன் கார்டு இருந்தா விசா வேண்டாம், ஆனா கிரீன் கார்டும் இந்தியப் பாஸ்போர்ட்டும் ரெண்டும் செல்லுபடியா இருக்கணும், 2022 ஏப்ரல்ல இருந்து கார்டை மட்டும் காட்டினா விட மாட்டாங்க.

பேரன் பேத்தியை மட்டும் கூட்டிட்டு நானும் வீட்டுக்காரரும் கப்பல் போகலாம்னு இருக்கோம். மகனுக்கும் மருமகளுக்கும் லீவு இல்ல.
– ஒரு பாட்டி, திருச்சி

தாராளமா போய்ட்டு வாங்கம்மா. ஆனா மகன், மருமகள் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் வேணும், நோட்டரி சீல் வெச்சு. அதுல குழந்தைங்க பேர், பாஸ்போர்ட் நம்பர், கப்பல் பேர், போற தேதி, வர்ற தேதி, அவசரம்னா தாத்தா பாட்டியே வைத்தியத்துக்குச் சம்மதம் தரலாம்ங்கிற வரி, பெத்தவங்க போன் நம்பர், இவ்ளோவும் இருக்கட்டும். இங்கிலீஷ்ல எழுதச் சொல்லுங்க. மகன், மருமகள் பாஸ்போர்ட் ஜெராக்ஸும் இணைங்க. பேத்தி பாஸ்போர்ட்ல உங்க பேர் எங்கயும் இருக்காது, நீங்கதான் பாட்டினு வெளிநாட்டு ஆபீசருக்கு எப்படித் தெரியும், அதுக்குத்தான் இந்தக் கடிதம். அப்பா மட்டுமோ அம்மா மட்டுமோ குழந்தையைக் கூட்டிட்டுப் போனாலும் இன்னொருத்தரோட கடிதம் இருக்கிறது நல்லது.

மாசமா இருக்கேன், பேங்க் லீவுல கப்பல் போக ஆசை. டாக்டர் லெட்டர் வேணுமா?
– வேலூர் வாசகி

வேணும். எத்தனை வாரம், பயணம் பண்ணலாமா, பிரசவத் தேதி என்னனு மூணும் எழுதின லெட்டர். பெரிய கப்பல் கம்பெனிங்க 24 வாரம் ஆகிட்டா ஏத்த மாட்டாங்க, அதுவும் ஏறுற நாள்ல 24 இல்ல, டூருக்கு நடுவுல 24 தொட்டாலே முடியாது. கணக்குப் போட்டுட்டு புக் பண்ணுங்கம்மா.

நாகப்பட்டினத்துல இருந்து யாழ்ப்பாணம் போற கப்பலுக்கு ஆதார் போதும்னு எங்க ஊர்ல சொல்றாங்களே?
– வேதாரண்யம் வாசகர்

போதாது. எவ்ளோ கிட்ட இருந்தாலும் அது வேற நாடு, பாஸ்போர்ட் வேணும். 2023 அக்டோபர்ல அந்தக் கப்பல் ஆரம்பிச்சப்பவே இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் எல்லாம் துறைமுகத்துலயே வெச்சாங்க, காங்கேசன்துறையில இறங்கினா அங்கயும் அதே மாதிரி. இலங்கைக்கு ஆன்லைன்ல வாங்குற இ.டி.ஏ. நுழைவு அனுமதி விஷயத்தைக் கிளம்புறதுக்கு முன்னாடி அவங்க அரசு சைட்ல பார்த்துக்கோங்க. அதே வருஷம் ஜூன்ல சென்னையில இருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைனு சொகுசுக் கப்பல் போச்சு, அந்த மாதிரி ரூட் எதுல புக் பண்ணாலும் பாஸ்போர்ட் வேணும்.

கப்பல்ல பாஸ்போர்ட்டை அவங்களே வாங்கி வெச்சுக்கிறாங்களாமே, பயமா இருக்கு. ஊர் சுத்தப் போகும்போது தொலைஞ்சா என்ன பண்றது?
– ஈரோடு வாசகி

சில ரூட்ல வாங்கி வெச்சுக்குவாங்கம்மா, பயப்படாதீங்க. ஆயிரக்கணக்கான பேரை ஒவ்வொரு ஊர்லயும் வரிசையில நிறுத்த முடியாதுனு கப்பல் ஆபீசே எல்லார் பாஸ்போர்ட்டையும் மொத்தமா இமிக்ரேஷன்ல காட்டிடும், ரசீது வாங்கிக்கோங்க, கடைசி நாள் திருப்பிக் குடுப்பாங்க. கப்பலுக்குள்ள உங்க அடையாளம் அவங்க தர்ற பிளாஸ்டிக் கார்டுதான், ரூம் சாவியும் அதுதான், கடையில பில்லும் அதுலதான். இறங்கும்போது வாசல்ல அந்தக் கார்டைத் தட்டினா 'டிங்'னு சத்தம் வந்து, முதல் நாள் எடுத்த உங்க போட்டோ ஸ்க்ரீன்ல வரும், செக்யூரிட்டி முகத்தையும் போட்டோவையும் பார்த்துட்டு விடுவாரு. அந்தக் கார்டை கழுத்துல மாட்டிக்கோங்க, கூடவே பாஸ்போர்ட்டோட போட்டோ பக்கம், கடைசிப் பக்கம், விசா பக்கம் மூணுக்கும் ஜெராக்ஸ். வீட்ல ஒரு செட் வெச்சுட்டு வாங்க, மகன் மெயிலுக்கும் ஒரு காப்பி போகட்டும், போன்ல மட்டும் இருந்தா போன் தொலையற அன்னிக்கு அதுவும் போயிடும்.

பாஸ்போர்ட் உங்க கையிலேயே இருந்து வெளியூர்ல தொலைஞ்சிட்டா, முதல்ல அந்த ஊர் போலீஸ்ல எழுதிக் குடுத்து ரிப்போர்ட் வாங்குங்க, உடனே கப்பலோட லோக்கல் ஏஜென்ட்டுக்கு போன் பண்ணுங்க, அவர் நம்பர் தினமும் கேபினுக்கு வர்ற நோட்டீஸ்ல இருக்கும், இறங்குறதுக்கு முன்னாடி அதை ஒரு பேப்பர்ல எழுதி பர்ஸ்ல வெச்சுக்கோங்க. அப்புறம் இந்தியத் தூதரகம். அங்க எமர்ஜென்சி சர்டிபிகேட் தருவாங்க, ஜெராக்ஸ் கையில இருந்தா உங்க விவரத்தைச் சரிபார்க்கிறது அவங்களுக்கு சுலபமா இருக்கும், ஆனா அது இந்தியாவுக்குத் திரும்பி வர்றதுக்கு மட்டும்தான் செல்லும். அதை வெச்சு அடுத்த ஊர்ல போய் கப்பலைப் பிடிக்க முடியாது, அங்கிருந்து நேரா பிளேன் ஏறி வீட்டுக்கு வந்துடணும், கேபின்ல இருக்கிற பெட்டி சாமான் ஏஜென்ட் மூலமா பின்னால வந்து சேரும்.